மரண அறிவித்தலில் ஏறிய தாளம்

பேர் எழுதித்தான் அந்த ஏழு வருசமும் சோறு தின்றேன். ஆனாலும் இங்கே ஒருவருடைய பேரையும் எழுதப்போவதில்லை. தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஒருவரை எழுதினால் அவருடைய தம்பி கோபிப்பார், தம்பியை எழுதினால் தம்பியின் சம்பந்தி கோபிப்பார். அது எங்கள் தொழிலோடு ஒட்டிக்கொண்ட வியாதி.

வன்னியில், விசுவமடுவில் றேடியோ திருத்துகிற கடை ஒன்று வைத்திருந்தோம், நானும் என் சிநேகிதனும். திருத்துவதற்கு றேடியோ வராத நாட்களில் ஒலிபெருக்கியை வாடகைக்கு விட்டோம். கலியாணம், கோயில், பள்ளிக்கூடத்து விளையாட்டுப்போட்டி. ஆனால் கடையைத் தாங்கியது சாவுதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் ஓட்டோவின் கூரையில் இரண்டு குழாய் கட்டி, தெருத்தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் அறிவிக்க வேண்டும். செத்தவீட்டுக்காரர் கொப்பியில் கிழித்த ஓர் ஒற்றையில் சொந்தக்காரரின் பேர்களைக் கிறுக்கிக்கொண்டு வருவார். நான் அதை அறிவித்தலாக எழுதுவேன்: அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற இன்னாரின் பாசமிகு மகளும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் அம்மம்மாவும். பிறகு நான் ஓட்டோ ஓட்ட, அவன் பின்சீற்றில் இருந்து மைக்கில் வாசிப்பான். எழுத்து என்னுடையது, குரல் அவனுடையது. புழுதி இரண்டு பேருக்கும்.

ஒருமுறை ஒரு கிழவியின் மூன்றாவது மருமகனை விட்டுவிட்டேன். அவர் பொல்லுத்தடியோடு கடைக்கு வந்தார். “நான் என்ன, செத்தவீட்டுக்கு வந்த பிறத்தியானோ?” என்று நின்று கத்தினார். அன்று பின்னேரமே அவர் ஒருவருடைய பேருக்காக முழு ஊரையும் திரும்பச் சுற்றினோம். அவரும் ஓட்டோவுக்குப் பின்னால் சைக்கிளில் வந்தார், சரியாகச் சொல்கிறோமா என்று பார்க்க. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்: ஒன்றும் விடுபடக்கூடாது. வானம் விடுபட்டால் பரவாயில்லை, மழை விடுபட்டால் பரவாயில்லை, சொந்தம் விடுபடக்கூடாது. இந்தப் பயத்தைப் பற்றி இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் செய்த பிழைக்கு வேறு காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

சமாதானம் என்று சொன்ன காலம் அது. எங்களைக் கொழும்போடு இணைக்கிற பாதை திறந்திருந்தது. வெளிநாட்டுச் சனம் வெள்ளை வான்களில் வந்து இறங்கி, தாங்கள் விட்டுப்போன வீடுகளின் அத்திவாரத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனது. 2003 கோடையில் சிநேகிதனுடைய பெரியம்மாவின் மகனும் வந்தான். நாலு வயதில் ரொறன்ரோவுக்குக் கொண்டுபோகப்பட்டவன், இருபத்திரண்டு வயதில் திரும்பி வந்திருந்தான். தலையில் தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டிருந்தான். காற்சட்டை இடுப்பில் இல்லை, அதற்குக் கீழே எங்கேயோ இருந்தது.

சிநேகிதனின் மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, உங்கட தம்பிக்கு ஒரு கயித்துத்துண்டு குடுங்கோ. காற்சட்டை கழண்டு விழப்போகுது.”

“அண்ணி, இதுதான் ஸ்டைல்.”

“இருக்க வேண்டிய இடத்தில நிக்காததுக்குப் பேர் ஸ்டைலோ? அப்ப இஞ்ச இடம்பெயர்ந்த சனம் முழுக்க ஸ்டைல்தான்.”

அவன் சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். சிரிக்கக்கூடிய வருசம் அது.

அவனிடம் ஒரு சின்னச் சீடிப் பெட்டி இருந்தது. காதில் மாட்டுகிற வயரில் ஒரு பக்கத்தை என் காதிலும் மற்றப் பக்கத்தைச் சிநேகிதனின் காதிலும் செருகினான். எனக்கு யாரோ சண்டை பிடிப்பதுபோல் இருந்தது. பின்னால் ஒரு மேளம், முன்னால் ஒரு வாய், நடுவில் பாட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சிநேகிதன் கண்ணை மூடிவிட்டான். கை தொடையில் தட்டத் தொடங்கியது.

“இவன் எந்த இடத்திலயடா மூச்சு விடுறான்?” இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. குரலால் பிழைக்கிறவன் கேட்கிற கேள்வி.

“விளங்குதோ அண்ணா?”

“ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனால் இவன் ஆரின்ரையோ பேர்களைச் சொல்லிக்கொண்டு போறான். ஆர் செத்தது?”

“ஐயோ, ஒருத்தரும் சாகேல்லை. இது ராப். தன்ர ஆக்களின்ர பேர், தன்ர தெருவின்ர பேர் எல்லாம் சொல்லுறான். நான் இன்ன இடத்தான், இவை என்ர ஆக்கள் எண்டு.”

“அப்ப உது எங்கட தொழில்தானே.” சிநேகிதன் என்னைப் பார்த்தான். “என்ன மச்சான்? செத்தவீட்டு அறிவித்தலை ஆரோ உயிரோட இருக்கேக்கையே வாசிக்கிறான்.”

கனடாக்காரன் எங்களுக்கு அதன் கதையைச் சொன்னான். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம், மிச்சம் கை. பெரிய பட்டணம் ஒன்றின் ஏழைத் தெருக்களில் கறுப்புச் சனம் தொடங்கியதாம். மண்டபம் எடுக்க வழியில்லாமல், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்டு இழுத்து ஒலிபெருக்கியைப் பூட்டி ஆடினார்களாம். அதற்கு ஹிப்ஹொப் என்று பேராம். இப்போது உலகம் முழுக்கப் போய்விட்டதாம். எந்த நாட்டிலும் கைவிடப்பட்ட தெரு ஒன்று இருந்தால் அங்கே ஒருவன் அதைச் சொல்கிறானாம்.

“தெருவிளக்கோ?” சிநேகிதனின் மனைவி கேட்டாள். “கரண்டு இருந்த ஏழையள். எங்களுக்கு ஆரும் கம்பமே நட்டுத் தரேல்லை.”

உண்மைதான். எங்கள் ஒலிபெருக்கி லொறிப் பற்றரியில் ஓடியது.

போகிற நாளில் கனடாக்காரன் சொன்னான்: “அண்ணா, உங்கட குரலை மட்டும் கசெற்றில பிடிச்சு அனுப்புங்கோ. மேளம், பீட் எல்லாம் நான் அங்க போடுறன். சீடி அடிப்பம். எங்கட பெடியள் கேக்கட்டும்.”

அவன் அதை விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். சிநேகிதன் விளையாட்டாக எடுக்கவில்லை. அடுத்த கிழமை அறிவித்தல் ஒன்று முடித்து, குளக்கட்டில் ஓட்டோவை நிறுத்தி முகம் கழுவும்போது சொன்னான்:

“ஊர் முழுக்க என்ர குரல் தெரியும் மச்சான். ஆனால் என்ர குரல் கேட்டவுடன சனம் நெஞ்சில கை வைக்குது. பொம்பிளையள் அடுப்பை விட்டிட்டு வேலிக்கு ஓடி வருகினம். ஒருக்கா, ஒரே ஒருக்கா, என்ர குரலைக் கேட்டு ஒருத்தர் தலையாட்ட வேணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் அவன் கேட்டது. ஏழு வருசத்தில் வேறு எதையும் அவன் கேட்டு நான் காணவில்லை.

பாட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அந்த நாளில் கவிஞன் என்ற எண்ணத்தோடு திரிந்தவன். முதல்நாளே ஒரு தாள் நிறைய எழுதிக் கொண்டுபோனேன். வானத்தின் விளிம்பில் வழிகின்ற வன்னிமண்ணின் விம்மல் என்று தொடங்கும். அவன் அதை இரண்டு தரம் வாய்க்குள் உருட்டிப் பார்த்தான்.

“உதை ஆர் சொல்லுறது? வாய்க்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரிக் கிடக்கு. எனக்கு மூச்செடுக்க ஓரிடமும் விடேல்லையே நீ.”

“கவிதை எண்டால் அப்பிடித்தான்.”

“அப்ப கவிதையை நீ வைச்சிரு. எனக்கு ஊர்ப்பேர் தா.”

ஊர்ப்பேர். அதுதான் சாவி என்று அவன் கண்டுபிடித்திருந்தான். அந்த ராப்காரர் எல்லோரும் எவடம், எவடம் என்றே அடிக்கிறார்கள். எங்கள் பக்கத்திலும் இரண்டு பேர் சந்தித்தால் முதற்கேள்வி அதுதான்: நீங்கள் எவடம், எந்த ஊர்? ஆனால் எங்களிடம் அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. பிறந்தது குடாநாட்டில். ஓடிவந்தது சாவகச்சேரிக்கு. பிறகு கடல்நீரேரி தாண்டிக் கிளிநொச்சி, பிறகு அக்கராயன், மல்லாவி, விசுவமடு. எதைச் சொல்வது? பாட்டு அங்கேயிருந்து பிறந்தது. அதில் என் சொல் பாதி, அவன் சொல் பாதி, எது யாருடையது என்று இன்று எனக்கே தெரியாது:

எவடம் எண்டு கேளாதை, எந்த வருசம் எண்டு கேள்.
பிறந்த இடம் பின்னால, படுத்த இடம் முன்னால,
பெட்டி கட்டின கயிறு மட்டும் ஒரே கயிறு, கேள்.

அதற்குப் பிறகு ஊர்கள் வரும். ஒவ்வொரு ஊருக்கும் நாலு வரி. அந்த ஊரில் என்ன குடித்தோம், எதில் படுத்தோம், யாரிடம் திட்டு வாங்கினோம்.

பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டியில் அவன் அதை முதலில் அவிழ்த்தான். நானூறு மீற்றர் ஓட்டத்துக்கு அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவன், நீல இல்லத்துப் பிள்ளை முன்னுக்கு வர, திடீரென்று தாளத்தில் ஏறிவிட்டான். ஓடுகிறவர்களின் பேரும் ஊரும் தகப்பனின் தொழிலும் எல்லாம் மேளமாக வந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். பரிசு கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கி, “தமிழைக் கொஞ்சம் மெதுவாகக் கொலை செய்யுங்கோ தம்பி, நாங்களும் பாக்கவேணும்” என்றார். அதற்கும் சனம் கைதட்டியது. பிறகு வெளிநாட்டுத் தொப்பிகளும் தொங்கும் காற்சட்டைகளும் சந்திக்கு வந்தன. தேத்தண்ணிக் கடை வாங்கிலில் குந்தியிருந்த இளசுகள் மேசையைத் தட்டி ஒருவரை ஒருவர் பாட்டில் திட்டினார்கள். முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் சைக்கிளில் வெற்றுக் கசெற் கொண்டுவந்து விற்பார். அவர் சிநேகிதன் பழகுவதை ஒருநாள் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: “இதென்ன புதுசு? எங்கட பக்கீர்மார் றபானைத் தட்டிக்கொண்டு வாசல் வாசலாச் சொல்லுறதுதானே.” அவரிடம்தான் ஒரு நல்ல கசெற், தொண்ணூறு நிமிசத்துடையது, வாங்கினோம்.

ஒலிப்பதிவு 2006 நடுவில் நடந்தது. சிநேகிதனின் மனைவியின் தகப்பனுக்கு வட்டக்கச்சியில் வயல். வீட்டோடு ஒரு நெல்லு அறை. சுற்றிவர நெல்லுமூட்டை அடுக்கினால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்திருந்தோம். பீட் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றுதான் கனடாக்காரன் சொன்னான். ஆனால் தாளம் இல்லாமல் எப்படி ஒரே வேகத்தில் சொல்வது? அதற்கும் ஒரு வழி இருந்தது. வெளியே வயல் கிணற்றில் வோட்டர் பம்ப். டுக்கு டுக்கு டுக்கு என்று இடைவிடாமல் அடிக்கும். அது கசெற்றில் விழாத தூரம், காதில் விழுகிற தூரம். மனைவி பம்புக்குப் பக்கத்தில் இடுப்பில் இரண்டு வயது மகளோடு நின்று, வேகம் குறையக் குறைய மண்ணெண்ணெய் ஊற்றினாள்.

“மண்ணெண்ணெய் குடிக்கிற மேளம் உலகத்தில இதொண்டுதான்” என்று கத்தினாள். “கெதியாப் படிச்சு முடியுங்கோ, வாய்க்கால் உடைச்சு வெங்காயத்துக்குள்ள போகுது!”

ஐந்தாவது தரம் சரியாக வந்தது. நாங்கள் நெல்லுத்தூசியோடு வெளியே வந்து, ரேப்ரெக்கோடரைக் கதிரையில் வைத்துப் போட்டுக் கேட்டோம். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவன் மனைவியைப் பார்த்தேன். இடுப்பில் இருந்த பிள்ளையோடு சேர்ந்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். தலையும் ஆடியது. நான் கண்டேன். அவன் காணவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு அப்போது வேறொன்று தட்டுப்பட்டுவிட்டது.

ஓர் ஊர் விடுபட்டிருந்தது.

ஸ்கந்தபுரம். அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் இடையில், ஒரு பள்ளிக்கூடத்து வாங்கில்களில் பதினொரு நாள் படுத்தோம். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் பிறக்கவில்லை. மழைகூடப் பெய்யவில்லை. ஆனால் விடுபட்டிருந்தது.

அடுத்த நாள் கொழும்புக்குப் போக ஓர் ஆசிரியை இருந்தா. அங்கிருந்து கனடாவுக்குத் தபாலில் போடச் சம்மதித்திருந்தா.

“விடு மச்சான், போகட்டும்” என்றான் சிநேகிதன்.

“ஓர் ஊரை விட்டிட்டு எப்பிடி அனுப்புறது? நாளைக்கு ஸ்கந்தபுரத்தான் ஒருத்தன் கேட்டால்?”

“பொல்லோட ரொறன்ரோவுக்கு வரப்போறானோ?”

“சிரிக்காதை. குறையாக் கிடக்கு. நான் நாலு வரி எழுதித் தாறன். ரீச்சர் அடுத்த மாசமும் போவாதானே.”

அவன் கொஞ்சநேரம் கசெற்றைக் கையில் வைத்துத் திருப்பினான். அவனும் எங்கள் தொழில்காரன்தான். விடுபட்டுப்போனதன் உறுத்தல் அவனுக்கும் தெரியும். என்னிடம் தந்துவிட்டான். நான் நாலு வரியும் எழுதினேன். நல்ல வரிகள். அவை தயாராக இருந்தபோது சண்டை திரும்பத் தொடங்கி, பாதை பூட்டிவிட்டது.

வடக்கே முகமாலைப் பக்கம் ஒரேயடியாகப் பூட்டியது. தெற்கே ஓமந்தைப் பக்கம் பூட்டித் திறந்து, திறந்து பூட்டி, கடைசியில் ஊசித்துளை ஆனது. அதற்குள்ளால் போன ஒன்றிரண்டு பேரையும் கேட்டுப்பார்த்தேன். குரல் பதிந்த கசெற்றா? அதில் ஒருவன் விடாமல் ஊர்ப்பேராகச் சொல்கிறானா? சோதனைச் சாவடியில் போட்டுக் கேட்டால் என்ன பதில் சொல்வது? ரீச்சர் கைகூப்பிச் சொன்னா: “தம்பி, குறை நினையாதேங்கோ. எனக்குப் பிள்ளையள் இருக்கு.” நான் குறை நினைக்கவில்லை. குறை சொல்லப்பட வேண்டிய ஆள் நான்தானே. சிநேகிதன் ஒருநாளும் ஒரு சொல் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதன்பின் சாவு கூடியது. ஒருநாளில் இரண்டு அறிவித்தல், மூன்று அறிவித்தல். பாட்டுக்குப் போக வழியில்லாத தாளம் அறிவித்தலுக்குள் வடியத் தொடங்கியது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. மூச்சை மிச்சம் பிடிக்கச் செய்தான். ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லில் ஏறி, பேர்களின் மேல் ஓடி, ‘பாசமிகு’ என்ற இடத்தில் இறங்கி மூச்செடுப்பான். அழகாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழகாகத்தான் இருந்தது. தேத்தண்ணிக் கடை வாங்கிலில் மேசை தட்டிய இளசுகள் அப்போது சந்தியில் இல்லை. சிலருடைய பேரை நான் எழுதினேன், அவன் வாசித்தான்.

2007 மாரி முடிய, வயலில் பாம்பு கடித்துப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி செத்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. தகப்பனும் மகளும் மட்டும் இருந்த வீடு. மற்றவர்கள் முந்தியே போயிருந்தார்கள். தாய், அண்ணன்மார் இரண்டு பேர், சின்னம்மா, எல்லோர் பேருக்கும் முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுதிக் கொடுத்தேன். தகப்பனின் பேருக்கு முன்னால் எழுதவில்லை. அவர் உயிரோடு என் முன்னால்தான் நின்றார். ஆனால் சிநேகிதன் தாளத்தில் வாசித்துக்கொண்டு வந்தான். அந்தச் சொல் தானாக வந்து தகப்பனின் பேருக்கு முன்னாலும் உட்கார்ந்துவிட்டது. ஒழுங்கை ஒழுங்கையாக, ஒன்பது ஒழுங்கையில், உயிரோடிருந்த மனிதரைச் செத்தவராக அறிவித்துவிட்டோம். நானும் ஓட்டோ ஓட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கும் தெரியவில்லை. தாளம் சரியாக இருந்ததால் பிழை தெரியவில்லை.

பத்தாவது ஒழுங்கையில் ஒரு மனிசி ஓட்டோவை மறித்தாள். “அட நாசமாப் போவாரே, அந்தாள் வாசலில குந்திக்கொண்டிருக்கு!”

செத்தவீட்டுக்குப் போனோம். அவர் ஒரு மரக்குற்றியில் இருந்தார். சிநேகிதன் கைகட்டி நின்றான்.

“ஐயா, பெரிய பிழை விட்டிட்டன். இப்பவே திரும்பப் போய்த் திருத்தி அறிவிக்கிறம்.”

“என்னெண்டு அறிவிப்பியள்?”

“நீங்கள்... இருக்கிறியள் எண்டு.”

அவருக்குக் கோபம் இல்லை. கணக்குப் பார்ப்பவர்போல் முற்றத்தைப் பார்த்தார்.

“வேண்டாம் தம்பி. அலையாதேங்கோ. முந்திச் சொன்னதே கிடக்கட்டும். இனித் திருத்தினால் அது பொய்யாப் போடும்.”

அன்றோடு அவன் குரல் தட்டையாகிவிட்டது. ஒவ்வொரு சொல்லாக, கல் அடுக்குகிறமாதிரி வாசித்தான். நான் ஒருநாள், “அந்தப் பாட்டை ஒருக்காச் சொல்லன்” என்று கேட்டேன். “நாக்கை நம்பேலாது மச்சான்” என்றான்.

2008இல் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அறிவித்தல்கள் அவ்வளவு. ஒருமுறை வாசித்துக் கசெற்றில் பிடித்து, அதைத் திரும்பத் திரும்பப் போட்டு ஊர் சுற்றலாம் என்று யோசித்தான். வெற்றுக் கசெற் அப்போது எங்கும் கிடையாது. சைக்கிள் வியாபாரி எப்போதோ போய்விட்டார். நான் கடைக்கு வந்தபோது பதிவு முடிந்திருந்தது.

“எதிலயடா பிடிச்சனி?”

“இருந்ததில.”

“எதில?”

“அதிலதான் மச்சான். தொண்ணூறு நிமிசம். நல்ல கசெற்.” தொண்டையைத் தடவிக்கொண்டே சொன்னான். “நாளைக்கு நாலு வீடு இருக்கு. சனத்துக்குத் தெரியவேணும்தானே.”

மறுநாள் நாங்கள் ஓட்டோவில் போகும்போது கூரையில் அவன் குரல் கேட்டது. அவன் பக்கத்தில் வாய்மூடி இருந்தான். இடையில் ஒரு நொடி, அறிவித்தல் முடிந்து அடுத்தது தொடங்குமுன், கீழே கிடந்த பழைய பாட்டுப் பதிவிலிருந்து ஓர் அரைச்சொல் வெளியே வந்தது. என்ன சொல் என்று பிடிக்குமுன் போய்விட்டது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் நடந்ததுதான். 2009 தை மாதம் விசுவமடுவை விட்டு எழும்பினோம். குழாய், பற்றரி, ஓட்டோ எல்லாம் ஒவ்வோர் இடத்தில் நின்றுவிட்டன. கடற்கரைப் பக்கம் நெருங்க நெருங்கச் சாவை யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. சித்திரையில் ஒரு காலை கஞ்சி வரிசைக்குச் சிநேகிதனின் மனைவியும் ஐந்து வயது மகளும் போனார்கள். அவன் தறப்பாள் கூடாரத்துக்குள் என் காயத்துக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தான். வரிசை இருந்த பக்கம் செல் விழுந்து வெடித்தது. அவன் போய்த் தேடினான். இல்லை. இருக்கிறார்கள் என்று சொல்லவும் ஒன்றும் கிடைக்கவில்லை, இல்லை என்று சொல்லவும் ஒன்றும் கிடைக்கவில்லை. சனம் ஓடியபோது அவர்களும் வேறு பக்கம் ஓடியிருக்கலாம் என்று நான் சொன்னேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

அங்கிருந்து தப்பி வந்தவர்களை அடைத்த வவுனியா முகாமில், முட்கம்பிக்குள் வெள்ளைத் தறப்பாள் கூடாரங்கள். எங்கள் வரிசையில் ஒருவர் ஒரு கைத்தொலைபேசியை ஒளித்து வைத்திருந்தார். மத்தியான வெயிலில், கூடாரத்துக்குள் ஆள் நிற்கமுடியாத நேரத்தில், அதை வைத்துத்தான் வெளிநாட்டோடு கதைப்போம். கனடாக்காரனின் நம்பர் எப்படியோ கிடைத்தது. அவன் அழுதான். அழுது முடிய, ஏதாவது செய்யவேண்டும் என்ற அந்தரத்தில் சொன்னான்: “அண்ணா, நீங்கள் அனுப்பாமல் விட்ட பாட்டு... இப்பச் சொல்லுங்கோ. நான் இஞ்ச ரெக்கோட் பண்ணுறன்.”

சிநேகிதன் என்னைப் பார்த்தான். பிறகு போனை வாய்க்கு நேரே, மைக் பிடிக்கிற மாதிரிப் பிடித்தான்.

“பாட்டில்லை. ஒரு அறிவித்தல் இருக்கு. பிடி.”

மனைவியின் பேர். மகளின் பேர். வயது. உடுத்தியிருந்த உடுப்பின் நிறம். மகளின் வலது காலில் தழும்பு. கடைசியாகக் கண்ட இடம், நாள். அவர்களுடைய சொந்தங்கள், யாரிடமாவது போய்ச் சேர்ந்திருப்பார்களா என்று, மாமன், சித்தி, மச்சாள், ஒவ்வொருவராக. ஒருவருக்கு முன்னாலும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. மூன்று நிமிசம். ஒருவரும் விடுபடவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மற்றப் பக்கத்தில் கனடாக்காரன் தயங்கிக் கேட்டான்: “அண்ணா, தப்பா நினையாதேங்கோ. இதை இப்பிடியே விட்டால் ஒருத்தரும் கேக்க மாட்டினம். தினமும் இப்பிடி நூறு வருகுது. நான் அடியில ஒரு பீட் போட்டு விட்டால் இஞ்சத்தைப் பெடியள் எல்லாருக்கும் போகும். காரில போடுவினம். கன பேர் கேப்பினம்.”

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். சிநேகிதன் என்னைப் பார்க்கவில்லை.

“எத்தினை பேர்?”

“ஆயிரம் வரும் அண்ணா. கூடவும் வரும்.”

“போடு” என்றான்.

மூன்று கிழமை கழித்துத்தான் திரும்பவும் போன் கிடைத்தது. சிநேகிதன் காதில் வைத்தான். சத்தம் பெரிதாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. கனடாக்காரன் மூச்சு விடாமல் சொன்னான்: எல்லா இடமும் போய்விட்டதாம். லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் கேட்டு எழுதுகிறார்களாம். ஒரு நிகழ்ச்சியில் போட்டார்களாம், எல்லோரும் எழும்பி நின்று கையைத் தூக்கி ஆட்டினார்களாம். யார் இந்தக் குரல், வேறு பாட்டு இருக்கா என்று கேட்கிறார்களாம்.

“ஆராவது கண்டவையாமோ?”

“என்ன அண்ணா?”

“அவையை. ஆராவது கண்டதெண்டு சொன்னவையோ?”

“இல்லை அண்ணா. அப்பிடி ஒருத்தரும் எழுதேல்லை.” ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, அந்தப் பிள்ளை சொன்னான்: “ஆனால் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு அண்ணா. உங்கட குரலை எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிருக்கு.”

சிநேகிதன் சரி என்றான். சுகம் விசாரித்தான், பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். போனைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்தான். அடுத்து நின்ற கிழவர் ஒரு கடதாசித் துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நம்பரை வாசிக்கத் தொடங்கினார். வெளியே தண்ணீர் பவுசர் லொறி வந்துவிட்டது என்று யாரோ கத்த, நாங்கள் வாளியை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றோம்.